ஏரிக்கரைக்குப் போகாத நோட்டீஸ்

ஹோசியா பெல்லின் வண்டி தெருவுக்குள் நுழைந்தால் ஜன்னல் திரைகள் இழுபடும். அமெரிக்காவின் அலபாமா மாநிலக் கரிசல் பூமியில், மாவட்டச் சுகாதாரத் துறையில் அவர் இருபத்திரண்டு வருடமாகக் கழிவுநீர் ஆய்வாளர். அந்த மண்ணில் தண்ணீர் இறங்காது. கழிவுத் தொட்டி கட்ட வசதியில்லாதவர்கள் கழிப்பறைக் குழாயைக் கொல்லைப்பக்கம் நீட்டிவிட்டிருந்தார்கள். பெல் அதைக் கண்டுபிடித்து நோட்டீஸ் கொடுப்பார். பலருக்கு அபராதம், ஆறு வருடத்துக்கு முன்னால் வெர்லீன் டேட்டுக்கு இரண்டு நாள் சிறை.

வெர்லீன் அவரோடு படித்தவள். இருவருக்கும் ஒரே தேவாலயம். அந்தச் சிறைக்கப்புறம் அங்கே அவர் உட்காரும் வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை. மனைவி இருந்தவரை அது அவ்வளவாக உறைக்கவில்லை. அவள் இறந்தபின், தேவாலயத்தின் ஞாயிறு விருந்தில் வறுத்த மீனை வாங்கிக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டார்.

பிறகு ஒரு பரிசோதனையில், அந்தத் தெருக்களின் பிள்ளைகளுக்குக் குடல்புழு இருப்பது தெரிந்தது. துறைக்குப் புதிதாக வந்த இயக்குநர் வரைபடத்தை விரித்து, புழு இருக்கும் இடத்துக்கேதான் நம் நோட்டீஸும் போயிருக்கிறது என்றார். இனி தண்டனை கிடையாது, அரசு செலவில் தொட்டி. வீட்டுக்காரர் கையெழுத்து மட்டும் வேண்டும். வீடுகளை அறிந்தவர் பெல்தான் என்பதால் அவரையே அனுப்பினார்.

ஒன்றரை மாதம் அலைந்தார். ஒரு கையெழுத்தும் கிடைக்கவில்லை. வெர்லீன் மட்டும் கம்பிவலைக் கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள்.

“அன்னைக்கும் காகிதத்தோடதான் வந்தீங்க, மிஸ்டர் பெல்.”

“இது வேற, வெர்லீன். தொட்டிய சும்மாவே வெச்சுத் தராங்க.”

“பிள்ளைங்க முன்னாடி எனக்கு விலங்கு மாட்டுனாங்களே, அதுவும் சும்மாதான். நீங்க வண்டியில உக்காந்து பாத்துக்கிட்டிருந்தீங்க.”

பெல் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு வண்டிக்குத் திரும்பினார்.

அடுத்த வாரம் மாவட்ட சபையின் பொதுக்கூட்டத்தில் பேச அனுமதி கேட்டார். ஏரிக்கரைப் பெரிய வீடுகளின் கழிவும் நேரே ஏரிக்குள் போவதை வேலைக்குச் சேர்ந்த வருடமே பார்த்ததாகச் சொன்னார். அங்கே ஒரு நோட்டீஸ்கூடக் கொடுத்ததில்லை, கொடுக்க வேண்டாமென்று யாரும் சொல்லவுமில்லை என்றார்.

“அவங்ககிட்ட வக்கீல் இருந்தாங்க. நம்ம ஜனங்ககிட்ட யாரும் இல்ல. அதனால நம்ம ஜனங்க வீட்டுக்குப் போனேன்.”

யாரும் திட்டவில்லை, கைதட்டவும் இல்லை. பெல் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

அவர் பேசியதைக் கேள்விப்பட்டு, மறுநாள் வெர்லீன் அலுவலகத்துக்கே வந்து கையெழுத்துப் போட்டாள். “மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. பிள்ளைங்களுக்காகப் போடறேன்” என்றாள். தனக்கும் அது தெரியும் என்றார் பெல். அவளைப் பார்த்து அந்தத் தெருவே வந்தது. கோடை முடிவதற்குள் பதினேழு வீடுகளில் தொட்டி. ஒவ்வொரு குழி தோண்டும்போதும் பெல் பக்கத்திலேயே நின்றார்.

இலையுதிர் காலத்தில் இயக்குநர் தொலைபேசியில் கூப்பிட்டார். அந்தப் பதினேழு வீடுகளில் இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு மட்டுமே புழு. பெல்லுக்கு இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பெட்ரோல் பங்கில் காப்பி ஊற்றிக்கொடுத்த பெண்ணிடம் சொன்னார். அவள் நல்லது என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்றவரைப் பார்த்தாள்.