ரேக உண்டோ?

போன வருடம், மழை விட்டிருந்த ஒரு புதன்கிழமை. கேரளத்தில் தேவிகுளம் பக்கம் நான் கொழுந்தெடுக்கும் எஸ்டேட்டுக்குக் கீழே இருக்கும் சுகாதார நிலையத்தில் நடந்தது இது.

எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், கடைசி வீட்டுக்கு நேபாளத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. புருஷனுக்கு ஓட்டலில் சமையல் வேலை. பெண்டாட்டிக்கு இருபது வயதிருக்கும். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று எதுவும் கிடையாது. பிள்ளைக்கு ஒரு தடுப்பூசிகூடப் போட்டதில்லை. வந்த புதிதிலேயே என்னிடம் வழி கேட்டாள். லயத்தில் எதற்கும் முதலில் வாயைத் திறப்பவள் நான். "கார்டு இல்லாம ஒண்ணும் நடக்காது புள்ள. போனா போலீசக் கூப்புடுவாக" என்று சொல்லிவிட்டேன். அவளும் நம்பிவிட்டாள்.

நாலு மாதம் கழித்து, பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டது. தேனியில் கட்டிக்கொடுத்த என் மகளின் ஆதார் நகலை எடுத்துக்கொண்டு, அந்த நேபாளப் பெண்ணையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் பாடம்தான்.

"நீ எம் மக, இது எம் பேத்தி. அங்க வாயே தொறக்கக் கூடாது, கேட்டியா?"

"சரி அக்கா."

"அக்கா இல்லடி, அம்மா!"

"சரி அம்மா அக்கா."

எங்கள் முறை வந்தது. மேசையில் இருந்த சிஸ்டர் தலை நிமிராமல் மலையாளத்தில் கேட்டார்: "ரேக உண்டோ?"

ஆவணம் இருக்கிறதா என்று கேட்கிறார். நான் நகலை எடுப்பதற்குள் இவள் முகம் மலர்ந்துவிட்டது. பிள்ளையை அப்படியே மேசைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "உண்டு, உண்டு! இதான் ரேகா!" என்றாள்.

பிள்ளையின் பெயர் ரேகா.

பின்னால் நின்ற எங்கள் லயத்துக்காரி ஒருத்தி, "சிஸ்டரே, ரேகய ஆளாவே கொண்டாந்துட்டா. சீல் குத்தி அனுப்புங்க!" என்றதும் வரிசையே வெடித்துச் சிரித்தது. சிஸ்டர் கண்ணீர் வரச் சிரித்தார். என்னவென்று தெரியாமலே குழந்தையும் சிரித்தது. நான் மட்டும் நகலைக் கைக்குள் கசக்கியபடி வியர்த்து நின்றேன். அப்புறம் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"இதுக்கா சேச்சி பயந்தீங்க? ஊசிக்கு ரேக வேண்டா. குட்டி வந்தா மதி" என்றார் சிஸ்டர். பிள்ளை வந்தாலே போதுமாம்! ரேஷன் கார்டெல்லாம் இப்போதைக்குக் கிடைக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஆனால் சத்துமாவுக்கு அங்கன்வாடி டீச்சரிடம் தானே பேசுவதாகச் சொல்லிவிட்டு, புது அட்டையில் பிள்ளையின் பெயரை எழுதி ஊசியைப் போட்டார். ரேகா மலையே அதிர அழுதாள். அவள் அம்மாவோ, பிள்ளையின் பெயர் ஏறிய அந்த முதல் காகிதத்தை முத்தமிட்டுக்கொண்டே மேடேறினாள்.

நாலு மாதம் அந்தப் பிள்ளையை வாசலிலேயே தடுத்து நிறுத்தியது என் வாய்தான். இப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும், "எனக்குத் தெரியல, வா, போய்க் கேப்போம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.