பையில் எரிந்த இரண்டு சிவப்பு விளக்கு

1. ஊமை வலை

அன்று காலை கரைவலை இழுத்தவர்கள் இருபத்தேழு பேர். ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை.

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாட்டு இல்லாமல் அந்த வேலை ஓடாது. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ போடுவார்கள், அந்த ஏலேலோவில்தான் எல்லாக் கையும் ஒன்றாகக் கயிற்றை இழுக்கும். நான் கனகசெட்டிக்குளம் கடற்கரையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கைக் கழியில் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறேன். அலை கேட்கிறது. மணலில் கால் புதைகிற சத்தம் கேட்கிறது. மனுஷக் குரல் மட்டும் இல்லை. முக்கால் மணி நேரம் அப்படியே இழுத்து முடித்தார்கள். அவர்கள் பார்வை வலையில் இல்லை, என்மேல் இருந்தது.

கல்யாண மண்டபத்து எக்கோ, ஜெனரேட்டர் இரைச்சல், ஏசி முனகல் என்று இருபது வருஷமாகச் சவுண்டு வேலையில் எல்லாவற்றையும் சமாளித்தவன் நான். வேண்டுமென்றே பேசாமல் இருக்கிற ஒரு ஊரைச் சமாளித்ததில்லை. இவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. என் புத்தி அப்படி. குற்றம் என் பக்கம் இருக்கும் என்று அன்று நினைக்கவில்லை.

2. ஜினா லாங்கு

இந்த வேலைக்கு நான் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மதாம் எலேன் பிரெஞ்சுக்காரி. கிழக்கு ஆப்பிரிக்காவில், தான்சானியா நாட்டில், கிராமம் கிராமமாகப் போய் அங்குள்ள பழங்குடி மக்களின் பாட்டைப் பதிவு செய்தவர். அந்த டேப்புகளை எல்லாம் பெட்டி பெட்டியாகப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்து, கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் தேடினார். ரெட்டியார்பாளையத்தில் இருந்த எனக்கு டேப் மெஷினும் தெரியும், பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சும் மிச்சம் இருந்தது. டவுனில் ஒரு பழைய வீட்டின் மாடியறையில் எட்டு மாதம் உட்கார்ந்து ஏற்றினேன்.

ஒவ்வொரு டேப்பையும் கேட்டுக்கொண்டே ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். இத்தனையாவது நிமிஷத்தில் இருமல், கோழி கத்தியது, சிரிப்பு, இப்படி. பாட்டில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாது. ஆனால் எல்லா டேப்பும் "ஜினா லாங்கு" என்று தொடங்கும். அவர்கள் பாஷையில் 'என் பெயர்' என்று அர்த்தமாம். பாடுகிறவர் தன் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் சொல்லி, பதிவு செய்யச் சம்மதம் என்றும் சொல்லிவிட்டுத்தான் பாடுவார்.

"ஏன் மதாம் இதை முதலில் வாங்குறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். ஆரம்ப காலத்தில் ஒரு கிராமத்துப் பெண்ணின் பாட்டைப் பெயர் கேட்காமலே எடுத்துப் போய்விட்டாராம். அடுத்த வருஷம் அதைப் போட்டுக் காட்டியபோது, குரல் இருக்கிறது, நான் எங்கே என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். அதிலிருந்து பெயர் முதலில், பாட்டு அப்புறம். எனக்கு அது நியாயமாகப் பட்டது. இப்போதும் நியாயம்தான்.

ஆப்பிரிக்கா டேப் முடிந்ததும், நம் கடற்கரைப் பாட்டையும் எடுக்கலாம் என்றார் மதாம். சுனாமி வந்து போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. நான்தான் கனகசெட்டிக்குளத்தைச் சொன்னேன்.

விடிந்ததும் போய், வலை இழுக்க வந்தவர்களை வரிசையாக நிற்க வைத்து மைக்கை நீட்டினேன். "பாட்டை ரெக்கார்ட் பண்ணப் போறோம். உங்க பேரு, அப்பா பேரு, ஊரு சொல்லிட்டு, சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க." இருபத்தேழு பேரும் சொன்னார்கள். கடைசி ஆள் சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டிருந்தது. லெவல் குறைகிறதே என்று குமிழைத் திருகினேனே தவிர, ஏன் குறைகிறது என்று யோசிக்கவில்லை.

3. கடலைப் போட்டு அழித்தது

வலை கரைக்கு வந்ததும் அடி எடுத்துப் பாடுகிற கலியபெருமாள் என்னிடம் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கை ஈரத்தைக் கைலியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பாட்டுக்கு எதுக்கு சார் எங்க அப்பன் பேரு?"

"பாடுனவங்க யாருன்னு தெரியணும்ல, அதுக்குத்தான்."

"சம்மதம் எதுக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் மனைவி அஞ்சலை முந்திக்கொண்டார். மீன் கூடையோடு என் பைக்குப் பக்கத்திலேயே காலையிலிருந்து உட்கார்ந்திருந்தவர்.

"இப்படித்தாங்க போன மாசம் ஒரு ஆளு வந்தான். அரிசி தரேன், பேரு சொல்லு, கையெழுத்துப் போடுன்னான். போட்டோம். அப்புறம் பாத்தா, கடலோரத்த விட்டு உள்ள போறதுக்கு நாங்களே சம்மதிச்சுட்டோம்னு ஒரு பேப்பர் சுத்துது. அரிசியக் காணோம். இப்ப நீங்க வாயாலயே சம்மதம் வாங்கிக்கினு போறீங்க. எங்க ஊட்டுக்கு இன்னா கதின்னு நாங்க கேக்கக் கூடாதா?"

சூடு கண்ட பூனையிடம் போய்ப் பால் கிண்ணத்தை நீட்டியிருக்கிறேன். மதாமுக்கு எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "அழித்துவிடு, இவர்கள் கண் முன்னாலேயே" என்றார்.

நான் கொண்டுபோயிருந்தது டேட் என்கிற டிஜிட்டல் டேப்; அதில் அழிப்பது என்றால் அதன்மேல் வேறு ஒன்றைப் பதிவதுதான். டேப்பைப் பின்னால் ஓட்டி, மைக்கைக் கடல் பக்கம் திருப்பி, ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன். பெயர்கள் பதினொரு நிமிஷத்துக்கு இருந்தன. அந்தப் பதினொரு நிமிஷமும் ஊரே சுற்றி நின்று பார்த்தது. முடிந்ததும் ஹெட்போனை அஞ்சலை காதில் வைத்துப் போட்டுக் காட்டினேன். தொடக்கத்திலிருந்து கடைசிவரை அலைதான். கேட்டுவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். புருஷனைப் பார்த்தார், பையைப் பார்த்தார், போய்க் கூடைப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வலைக்குப் பாடினார்கள். என்ன பாட்டு! கலியபெருமாள் குரல் மேட்டிலிருந்து உருண்டு வருகிற மாதிரி வந்தது, இருபத்தாறு ஏலேலோ அதைத் தாங்கிப் பிடித்தது. சத்த அளவைக் காட்டுகிற மீட்டர் முள் சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. நாலாவது நிமிஷத்தில் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். "4: சிரிப்பு" என்று குறித்துக்கொண்டேன்.

இப்போது என் அயோக்கியத்தனத்தைச் சொல்கிறேன். சவுண்டு வேலையில் ஒற்றை மெஷினை நம்பி யாரும் வெளியூர் போக மாட்டார்கள். டேட் ஓடும்போதே அதிலிருந்து ஒரு ஒயர் போட்டு, மினிடிஸ்க் என்கிற உள்ளங்கை அளவுத் தட்டு போட்ட இன்னொரு சின்ன மெஷினிலும் பதிவாகும். காலையில் சொன்ன பெயர்கள் அதிலும் இருந்தன. டேட்டை அழிக்கும்போது மினிடிஸ்க் அதே பையில், அணைந்த நிலையில் கிடந்தது. மதாமுக்கு அது ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் இருந்தது. பதிந்ததை அழிக்கக் கை வரவில்லை, பேசாமல் ஜிப்பை இழுத்து மூடினேன்.

4. பாட்டு வேண்டாம் என்றவர்

தவளை தன் வாயால் கெடும். மதாமின் மாடியறை அலுவலகத்தில் சேகர் என்று ஒரு ஒருங்கிணைப்பாளர் இருந்தார். நாலு நாள் கழித்து டீ குடிக்கும்போது, "அழிச்ச மாதிரி அழிச்சு, காப்பி வெச்சிருக்கேன்ல" என்று அவரிடம் பெருமை பேசினேன். மறுநாள் காலையே என் மேஜைக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, பாட்டெல்லாம் வேணாம். பேரு சொல்லி சம்மதம்னு சொல்றாங்கல்ல, அது மட்டும் தனியா கட் பண்ணி ஒரு சி.டி. போட்டுக் குடுங்க. நீங்க கேள்வி கேக்கறது வேணாம், அவங்க பதில் மட்டும்."

"எதுக்கு சேகர்?"

"ஃபைலுக்குத்தான்."

"மதாம் கேட்டாங்களா?"

"அவங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு? நீங்க குடுங்க, நான் பாத்துக்கறேன்."

"சரி, ஒரு லெட்டர் குடுங்க. போட்டுத் தரேன்."

"இதுக்கெல்லாமா லெட்டரு? நமக்குள்ள இன்னாண்ணே!"

எடிட்டிங் தெரிந்தவனுக்கு அது எங்கே போய் நிற்கும் என்று தெரியும். பாட்டைப் பதிவு செய்வதற்குச் சம்மதம் என்பது என் கேள்வியில்தான் இருந்தது. என் குரலை வெட்டிவிட்டால் இருபத்தேழு பேர் பெயரும் ஊரும் சொல்லிச் சம்மதம் என்பது மட்டும் மிஞ்சும். அதற்கு முன்னால் எந்தக் கேள்வியை வேண்டுமானாலும் ஒட்டலாம். வீட்டைக் காலி பண்ணச் சம்மதமா என்றுகூட ஒட்டலாம்.

நேராக மதாமிடம் போய் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். அவர் கத்தவில்லை. "பாட்டு இல்லாத சம்மதம் எனக்கு எதற்கு? நான் கேட்கவே இல்லை" என்றார். பிறகு, "நீயும் என்னிடம் சொல்லவில்லை" என்றார். அது சுருக்கென்று தைத்தது. சேகர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. லெட்டர் இல்லாமல் தர மாட்டேன் என்று நான் மறுத்த பிறகு அவர் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார்.

5. திரும்பக் கொடுத்தது

மறுநாள் மெஷினிலிருந்து அந்த மினிடிஸ்க் தட்டை எடுத்துக்கொண்டு தனியாகக் கனகசெட்டிக்குளம் போனேன். அஞ்சலை வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். கலியபெருமாள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, அன்னிக்கு நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். உங்க பேரெல்லாம் இதுலயும் இருக்குது. வேற யாருக்கும் குடுக்கல. இந்தாங்க."

அவர் அதிர்ச்சி அடையவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முன்னும் பின்னும் பார்த்தார்.

"இதான் அந்த ரெண்டாவதா?"

"இன்னாது?"

"நாங்க பேரு சொல்றப்ப உன் பைக்குள்ள ரெண்டு செவப்பு லைட்டு எரிஞ்சுது. அழிக்கறப்ப ஒண்ணுதான் எரிஞ்சுது. பக்கத்துலதான குந்தினு இருந்தேன், எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா பாடுனீங்க? ஏன் கேக்கல?"

உள்ளேயிருந்து கலியபெருமாள் சிரித்தார். "கேட்டனே! பாட்டுலயே கேட்டனே சார். நீங்கதான் காதுல அம்மாம் பெரிய தொப்பிய மாட்டிக்கினு நின்னீங்க. காதுல உழலயா?"

அஞ்சலை அந்த டிஸ்க்கைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். டீ குடித்துவிட்டுப் போகச் சொல்லவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

6. நாலாவது நிமிஷம்

அலுவலகத்துக்கு வந்து டேப்பைப் போட்டேன். பதிந்த நாளிலிருந்து எட்டுப் பத்துத் தடவை ஓட்டியிருப்பேன். அலையைக் குறைத்தேன், காற்றைக் குறைத்தேன், குரலைத் தூக்கினேன். வார்த்தையை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. என் தாய்மொழியில், கைக்கெட்டும் தூரத்தில் நின்று கலியபெருமாள் பாடியிருக்கிறார்.

பொட்டிக்காரன் வந்திருக்கான் – ஏலேலோ
செவப்பு லைட்டு ரெண்டு வெச்சான் – ஏலேலோ
ஒண்ணத்தானே அழிச்சுப்புட்டான் – ஏலேலோ
இன்னொண்ண எங்க ஒளிச்சுவெச்சான் – ஏலேலோ

அதற்கப்புறம்தான் அந்தச் சிரிப்பு.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வேன். எத்தனை மெஷின் ஓடுகிறது என்பதைப் பையைத் திறந்து முதலிலேயே காட்டுங்கள். முள்ளைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். சொல்வது சுலபமாக இருக்கிறது. நான் கற்றுக்கொள்ள இருபது வருஷம் ஆயிற்று.

டேப்பைக் கேட்ட அன்று சாயங்காலம் ஆப்பிரிக்கா ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினேன். எட்டு மாதமாக என் கையால் எழுதியது. 2: சிரிப்பு. 7: சிரிப்பு. 11: பெரிய சிரிப்பு. பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. மதாமிடம் கொண்டுபோய்க் காட்டி, நான் முள்ளைப் பார்த்துப் பாட்டைக் கோட்டைவிட்ட கதையைச் சொன்னேன். "இந்த இடத்தில் எல்லாம் அவர்கள் என்ன பாடினார்கள் மதாம்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தார்.

"தெரியாது. நானும் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்.