வராத பேட்டரிக்கு நான் அழுத்திய பட்டன்

மூன்று வருடத்துக்கு முன், ஐப்பசி மழை. நீலகிரியில் ஜெகதளா பக்கம் ஒரு சின்ன வங்கிக் கிளையில் நான் உதவி மேலாளர். பேப்பர் கட்டு முதல் பேட்டரி வரை எது வேண்டுமென்றாலும் கம்ப்யூட்டரில்தான் நாங்கள் ஆர்டர் போட வேண்டும். பக்கத்துக் கடையில் ஒரு பல்பு வாங்கக்கூட எங்களுக்கு அதிகாரம் கிடையாது! பொருள் வந்து சேர்ந்ததும் 'பெற்றோம்' என்ற பட்டனை அழுத்த வேண்டும். தாமதமானால் மண்டல அலுவலகப் பட்டியலில் கிளையின் பெயர் சிவப்பாகிவிடும்.

எங்கள் யு.பி.எஸ். பேட்டரிகள் செத்துக்கிடந்தன. கரண்ட் போனால் வேலை அப்படியே நிற்கும். புதுசுக்கு ஆர்டர் போட்டிருந்தோம். மலைப்பாதையில் மண் சரிந்து, லாரி மேட்டுப்பாளையத்திலேயே நின்றுவிட்டது. மண்டல அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"மேடம், பொருள் எப்படியும் வந்துருமுங்க. 'பெற்றோம்'னு போட்டு உடுங்க. நம்ம பேரு செவப்புல நிக்குதுங்க."

போட்டேன். எல்லாரும் செய்வதுதானே என்று, கொஞ்சமும் கூசாமல் போட்டேன்.

பாதை திறந்தது. பேட்டரி வரவில்லை. 'பெற்றோம்' என்று விழுந்ததுமே பணம் போய்விட்டதால், சப்ளையர் போனை எடுக்கவில்லை. புகார் பதியப் போனால், "நீங்கள் ஏற்கெனவே பெற்றுவிட்டீர்கள்" என்று கம்ப்யூட்டர் என்னையே திருப்பி அடித்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான்.

அந்த வாரம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா வந்தார். மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கட்டணத்துக்கு டி.டி. எடுக்க வேண்டும். அவர் வந்த இரண்டு நாளும் கரண்ட் இல்லை. "பேட்டரி இன்னும் வரலைக்கா, நாளைக்கு வாங்க" என்று சுலபமாகச் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாளும் லீவு போட்டு, நனைந்த சேலையோடு வந்து நின்றார். அன்றும் இருட்டு.

"ஏனுங்க மேடம், நாளைக்குக் கட்டலீன்னா சீட்டு போயிருமுங்க. பேட்டரி எப்பத்தானுங்க வரும்?"

"கம்ப்யூட்டர்ல வந்துருச்சுக்கா" என்றேன். என் வாயால் நடந்ததைச் சொல்லி முடித்தபோது எனக்கே அவமானமாக இருந்தது.

கவுண்டரை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு குன்னூர் பஸ் ஏறினேன். அங்கிருந்த எங்கள் பெரிய கிளையில் கரண்ட் இருந்தது. சாயங்காலத்துக்குள் டி.டி. கைக்கு வந்தது. அதை ரவிக்கைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டே அவர் சொன்னார்: "என்ற புள்ள படிச்சுப்போட்டு, வராததை வந்துச்சுன்னு எழுதாம இருந்தாச் சரிங்க."

சுருக்கென்றது. கோபம் அவர்மேல் இல்லை.

மறுநாள் மண்டல அலுவலகத்துக்கு எழுதினேன்: பேட்டரி வரவில்லை, நான் அழுத்தியது பொய், அழுத்தச் சொன்னது நீங்கள். மாவட்டத்தின் எல்லாக் கிளைகளுக்கும் நகல் அனுப்பினேன். "மேடம், உங்க பிரமோசனை நெனச்சுப் பாத்தீங்களா?" என்று அதே குரல் போனில் கேட்டது. "நெனச்சுட்டுத்தானுங்க அனுப்புனேன்" என்றேன். மெமோ வந்தது. பேட்டரியும் வந்தது. பதவி உயர்வு மட்டும் இன்னும் வரவில்லை.

போகட்டும்! இன்றும் மாதக் கடைசியில் அந்த மாதிரி போன் வரத்தான் செய்கிறது. பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் என் விரல் அந்தப் பட்டன் பக்கம் போகாது. என் கிளை வருடம் முழுக்கச் சிவப்பில் நின்றாலும், ஒரு தாயின் முன்னால் இன்னொரு முறை தலைகுனிந்து நிற்க என்னால் முடியாது.