எங்கள் டீப்பாய் அலங்காரம்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்த நாளிலிருந்து, ஹாலில் கிடக்கும் டீப்பாயைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வெறும் கையோடு வர யாருக்கும் மனசு வருவதில்லை. குமணன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறார்கள். முதலில் கண்ணில் படுகிற கடையில் சாத்துக்குடி, ரஸ்க், சத்துமாவு டப்பா என்று வாங்குகிறார்கள். கரையான்சாவடியில் எங்கள் ஃப்ளாட்டின் இரண்டு மாடியையும் மூச்சு வாங்க ஏறி வந்து, எல்லாவற்றையும் டீப்பாயின் மேல் இறக்குகிறார்கள். அங்கே ஏற்கெனவே மாத்திரை அட்டைகள், பிரஷர் பார்க்கும் மெஷின், ஸ்கேன் கவர்கள், ஆஸ்பத்திரி ஃபைல். அதற்கு மேல் ஐந்து டஜன் சாத்துக்குடி. எங்கள் இரண்டு பேருக்கும் சாத்துக்குடி பிடிக்காது.

பழத்தை வைத்த கையோடு கதையும் சொல்வார்கள். யாரோ ஒரு சித்தப்பாவுக்கு இதே மாதிரி ஸ்டென்ட் வைத்தார்களாம். யாரோ ஒரு மச்சானுக்கு இதே இடது பக்கம்தானாம். நன்றாகப் பேசிக்கொண்டே இருந்தாராம், தண்ணீர் கேட்டாராம், கொண்டுவந்து கொடுப்பதற்குள் முடிந்துவிட்டதாம். வந்தவர்களில் ஒருவராவது, ‘அப்புறம் எழுந்து நல்லபடியா வேலைக்குப் போனார்’ என்று ஒரு கதையை முடிக்கவில்லை. நானும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

அவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். பத்து நாள் கேட்டார். பதினோராம் நாள் ஹாலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் மெஷினில் நின்று வேலை பார்த்த மனிதர். ஞாயிற்றுக்கிழமைகூட ஏதாவது ஒரு ஸ்குரூவைத் திருகிக்கொண்டு இருப்பார். அவர் இப்போது படுக்கையறையில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். பாத்ரூமுக்கு மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்வருவார். டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: நடக்க வேண்டும், முதலில் வீட்டுக்குள், பிறகு தெருவில். படுத்தே கிடந்தால் உடம்பும் போகும், மனசும் போகும். நான் கெஞ்சினேன், திட்டினேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். நடப்பதற்கு இடம் வேண்டும் என்று சோபாவைச் சுவரோரம் தள்ளி ஹாலைக் காலி செய்தும் வைத்தேன். மனிதர் அசையவில்லை.

“ஹாலுக்கு வந்து கொஞ்ச நேரம் உக்காருங்களேன்” என்றேன் ஒருநாள்.

“இன்னாத்துக்கு? டீப்பாய் மேல கீற மருந்துக் கடையப் பாக்கவா?” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

இதைப் பெங்களூரில் இருக்கும் என் மகளிடம் போனில் சொல்லி அழுதேன். அது என் தப்பு. அவள் எப்போதும் வீட்டு அலங்கார வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவள். “அம்மா, அப்பா சொல்றது கரெக்ட்டு. மாத்திரையே கண்ணுல பட்டா யாருக்குத்தான் அங்க உக்காரத் தோணும்? முதல்ல டீப்பாயை ஸ்டைல் பண்ணணும்” என்றாள். எனக்கு வந்த கோபத்துக்குப் போனைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. அவரை அந்தக் கட்டிலைவிட்டு எழுப்ப டீப்பாய்க்குச் சேலை கட்டச் சொன்னாலும் கட்டியிருப்பேன்.

மூன்றாம் நாள் பார்சல் வந்தது. ஒரு மரத்தட்டு, கண்ணாடி டம்ளரில் ஊற்றிய வாசனை மெழுகுவர்த்தி ஒன்று, யாரும் படிக்கப் போகாத இரண்டு கெட்டி அட்டைப் புத்தகங்கள். கூடவே போனில் சட்டதிட்டங்கள். எதையும் மூன்று மூன்றாகத்தான் வைக்க வேண்டுமாம். ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று நடுத்தரம். உயிருள்ளது ஒன்று வேண்டுமாம், செடியோ பூவோ. மனசுக்குப் பிடித்த ஒரு பொருளும் இருக்க வேண்டுமாம். “அப்பா சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ இருக்குமே, அத வெய்யி. அதப் பாத்தா அவருக்கே ஒரு தெம்பு வரும்” என்றாள்.

அவர் சிரித்த படம் என்று தேடியதில் ஒன்றே ஒன்று கிடைத்தது. சொந்தக்காரர் கல்யாணத்தில் யாரோ எடுத்தது. அதில் அவரை மட்டும் பெரிதாக்கி, சட்டம் போட்டு வாங்கி வந்தேன். மறுநாள் காலை மாத்திரைகளை பிரிட்ஜ் மேல் ஒரு டப்பாவில் ஒளித்தேன். சாத்துக்குடிகளை எதிர்வீட்டுக்குத் தள்ளினேன். டீப்பாயைத் துடைத்து, தட்டை வைத்து, புத்தகங்களை அடுக்கி, அவற்றின் மேல் படத்தை நிறுத்தினேன். செடி இல்லாததால், பால்கனித் தொட்டியிலிருந்து நந்தியாவட்டைப் பூக்களைப் பறித்து, பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு மிதக்கவிட்டுப் படத்துக்கு முன்னால் வைத்தேன். ஹாலில் தைல வாடை போக வேண்டும் என்று மெழுகுவர்த்தியையும் ஏற்றினேன். வீடியோ காலில் காட்டியபோது, “சூப்பர்மா!” என்று மகள் கத்தினாள். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. உப்புமா கிளறி முடித்ததும் அவரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று சமையலறைக்குப் போனேன். காற்று வரட்டும் என்று வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

ரவையைக் கொட்டிக் கிளறும்போது அந்தச் சத்தம் கேட்டது.

“ஐயோ அண்ணா! எங்கள உட்டுட்டுப் பூட்டியே அண்ணா!”

கரண்டி எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. ஓடினேன். ஹாலுக்கு ஓடவில்லை, படுக்கையறைக்கு ஓடினேன். கட்டில் காலியாக இருந்தது. போர்வை தரையில் கிடந்தது. அப்படியே கட்டில் ஓரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பாத்ரூம் தாழ்ப்பாள் திறந்தது. ஈர முகத்தோடு அவர் வெளியே வந்தார். “யாரும்மே அது கத்தறது?” என்றார். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டிக்கொண்டு, சுவரைப் பிடிக்காமல், விறுவிறுவென்று ஹாலுக்குப் போனார்.

பின்னாலேயே நானும் எழுந்து போனேன். நசரத்பேட்டையிலிருந்து வந்திருந்த என் நாத்தனார், கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, டீப்பாய்க்கு முன்னால் தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பை சாத்துக்குடி உருண்டு கிடந்தது. “ஒரு போன் பண்ணிச் சொல்லக் கூடாதா அண்ணி? கூடப் பொறந்தவளுக்குச் சொல்லாம மறைச்சிட்டியே!” என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். கத்தும்போதே எனக்கு முன்னால் நின்றவரைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். எந்த அண்ணனுக்காக அழுவது என்று அவளுக்குப் புரியவில்லை.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. சோபா ஓரம் தள்ளிய காலி ஹால், திறந்து கிடக்கும் கதவு, சட்டம் போட்ட படம், முன்னால் வெள்ளைப் பூ, எரிகிற விளக்கு. எங்கள் பக்கத்தில் ஐந்து வயசுக் குழந்தைக்கும் இதன் அர்த்தம் தெரியும். உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு யாராவது பூ வைத்தால் ஓடிப்போய் எடுக்கிறவள் நான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்தது குரங்குகூட இல்லை.

“யாரு வேல இது?” என்றார் அவர்.

“உங்க பொண்ணைக் கேளுங்க! மூணு மூணா வெக்கச் சொன்னாளே, அவளைக் கேளுங்க!” என்று ஆரம்பித்து, நாற்பது நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டினேன். சாத்துக்குடியைத் திட்டினேன், சித்தப்பா கதை சொன்னவர்களைத் திட்டினேன், சுவரைப் பார்த்துப் படுத்தவரைத் திட்டினேன், போன் செய்யாமல் வந்த நாத்தனாரையும் விடவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முதல் வேலையாக மெழுகுவர்த்தியை அணைத்தாள். படத்தைக் குப்புறக் கவிழ்த்தாள். “மொதல்ல திருஷ்டி சுத்தணும், உப்பு எங்க வெச்சிகீறே?” என்று கேட்டபடியே சமையலறைக்குள் போனாள்.

அவர் சோபாவில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“அவ ஹால்ல கத்தினா. நீ இன்னாத்துக்கு பெட்ரூமுக்கு ஓடியாந்தே?” என்று மெதுவாகக் கேட்டார்.

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. “நீங்க பூட்டீங்கன்னு நெனச்சேன்” என்றேன். அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில்கூட நான் அப்படி அழவில்லை.

“டெய்லி இதத்தான் நெனச்சிகினு கீறியா?”

“ஆமா. நீங்க தூங்கும்போது மூச்சு வருதான்னு பாத்துகினு கீறேன்.”

“நானும் அதேதான் பாத்துகினு படுத்துனு கீறேன்” என்றார். “ரெண்டு பேரும் இதே வேலையா இருந்தா, ஊட்ல மத்த வேலய யாரு பாக்கறது?”

பிறகு எழுந்து கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டார். நான் உதவப் போனபோது தட்டிவிட்டார். “தெரு முனை வரைக்கும் போய்ட்டு வரலாம், வா” என்றார்.

நாத்தனார் கை நிறைய உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். “இரு அண்ணா, சுத்திப் போட்டுட்டுப் போவலாம்!”

“வந்து சுத்திக்கலாம்” என்று சொல்லிவிட்டு அவர் படியில் கால் வைத்தார். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்கினார். எப்போதும் அவரை அவசரப்படுத்துகிறவள், அன்றைக்கு அவர் நின்ற படியிலெல்லாம் நானும் நின்று பின்னால் இறங்கினேன்.