பதினான்கு காட்டிய தண்ணீர்

எல்லோரும் வேலையைப் பார்க்க, நான் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒப்பரேஷன் தியேட்டர் தாதிக்கு இது நல்ல குணமா, தெரியாது. பித்தக்குழாயில் கல் என்றால் எனக்கு ஒரே புதினம்தான், கண்ணை எடுக்கமாட்டேன். உள்ளே படம் பிடிக்கும் எக்ஸ்ரே மெஷின் எங்களிடம் இல்லை. ஆகவே டொக்டர் குழாய்க்குள் மெல்லிய டியூப் ஒன்றை விட்டு, சேலைன் ஏற்றி, பக்கத்துக் கம்பியில் கட்டிய அளவுகோலில் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பார். கீழே கல் அடைத்திருந்தால் தண்ணீர் உயர்ந்து நிற்கும். மேசன்மார் மட்டம் பார்க்கிற டியூப் மாதிரித்தான்.

அன்று மேசையில் கிடந்தவர் பேசாலைக் கடற்கரையில் கருவாடு போடும் ஓர் அக்கா. கண்ணெல்லாம் மஞ்சள். பித்தப்பையை எடுப்பதற்காக ஏற்கெனவே ஒருமுறை வெட்டியிருந்தார்கள். மயக்க மருந்துக்கு முன் என் கையைப் பிடித்து, "மிஸி, இதோடை முடிஞ்சிடும்தானே? மூண்டாம் தரம் என்னாலை ஏலாது" என்றார்.

"ஓம் அக்கா" என்றேன். அந்த வாக்கைக் கொடுக்க நான் யார்?

ஸ்கானில் கண்ட ஐந்து கல்லும் வந்தன. முதலில் இருபத்தெட்டில் நின்ற தண்ணீர் இப்போது பதினான்கு சென்ரிமீற்றரில் நின்றது. பதினைந்துக்குக் கீழே என்றால் நல்லது. டொக்டர் தையல் நூல் கேட்டார்.

எனக்கு அந்தப் பதினான்கு பிடிக்கவில்லை. இவ்வளவு சுகமாக இறங்குமா என்று அளவுகோலையே பார்த்தேன். வெட்டிய இடத்தோடு சமமாக இருக்கவேண்டிய பூச்சியம் அரைச் சாண் மேலே நின்றது. டொக்டருக்கு எந்த மேசையும் உயரம். கல் எடுக்கும்போது இறக்கச் சொன்னார், நான் காலால் மிதித்து இறக்கினேன். அளவுகோல் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

"சேர், மேசையை இறக்கினனான். அளவுகோலை இறக்க மறந்திட்டன்."

அவர் பார்த்த பார்வையை எழுத விருப்பமில்லை. அளவுகோலை இறக்கிப் பார்த்தால் இருபத்துநான்கு. திரும்பவும் தேடினார். குழாயின் அடியில், கௌபிப் பயறளவில் ஆறாவது கல். அதன் பிறகுதான் தண்ணீர் பத்துக்கு வந்தது.

மூன்றாம் நாள் கற்களைப் போத்தலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா எண்ணினார். "படத்திலை அஞ்சு எண்டவை. இதிலை ஆறு கிடக்கு."

நடந்ததைச் சொன்னேன், நான் மறந்ததையும் சேர்த்து.

அக்கா போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நீங்கள் வாய் திறக்காட்டி?"

"திரும்ப வெட்டியிருப்பினம், அக்கா."

அவர் போத்தலைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நன்றி சொல்வார் என்று நினைத்து வந்ததை எண்ண எனக்கே வெட்கமாக இருந்தது.