ஏழு இலக்கத்தின் குணம்

"ஒம்பதால போகும்" என்று சொல்லிக்கொண்டே போனுக்குக் காசு ரீலோட் போடுகிறார் இன்சாப். நம்பரைக் கொடுத்தவர் விழிக்கிறார். வட்டகொடை ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலுள்ள அந்தச் சின்னக் கடைக்கு முதல்முறை வருகிற எல்லாரும் இப்படித்தான் விழிப்பார்கள்.

யார் தொலைபேசி எண்ணைச் சொன்னாலும் முன்னால் நிற்கும் மூன்று இலக்கத்தைத் தள்ளிவிடுவார், அது கம்பெனியுடையது. ஆளுக்குரியது பின்னாலுள்ள ஏழு. அதைக் கூட்டிப் பார்த்து, வகுத்துப் பார்த்து, என்ன இனம் என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டார். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாத முதன்மை எண்ணுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் தனிக்கட்டை. மனைவி அஸீலாவின் எண் அந்த ரகம். "நானும் இருவது வருஷமா வகுத்துப் பாக்குறேன்" என்பார். இதெல்லாம் பார்த்தால் அடுப்பு எரியுமா என்று அஸீலா கேட்பார்.

வேடிக்கை என்னவென்றால், எண் அவருக்கு மறந்துபோகும். அதன் குணம்தான் மறக்காது.

இரண்டு வருடத்துக்கு முன், அடைமழையில், ஒரு வியாழக்கிழமை மாலை பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு தோட்டத் தொழிலாளி மீனம்மா ஓடிவந்தார். கொழும்பில் துணிக்கடையில் வேலைசெய்யும் மகள் நாகலெட்சுமிக்கு ஆசிரியர் கல்லூரி நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்திருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கடிதம் நேரே வருவதில்லை. தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கே இரண்டு வாரம் தூங்கிவிட்டு அன்றுதான் கைக்கு வந்தது. தேர்வு சனிக்கிழமை காலை. மகள் பேசுவதோ ஞாயிற்றுக்கிழமைகளில். கூப்பிடலாமென்றால், மீனம்மாவின் போன் மூன்று நாளைக்கு முன் ஆற்றோடு போய்விட்டது.

"முன்னால உள்ளது தெரியுங்க. பொறகு நாப்பத்தொன்னு, கடைசியில ஆறு. நடுவுல உள்ளதுதான் வரமாட்டேங்குது மொதலாளி" என்று அழுதார்.

அந்த எண்ணுக்கு இன்சாப் கடைசியாக ரீலோட் போட்டது எப்போதோ. அவர் போனிலும் அது அழிந்திருந்தது. ஆனால் அன்று பட்ட சந்தோஷம் நினைவிருந்தது. அது ஒரு சதுர எண், ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வருவது. ஒன்பதாலும் வகுபட்டது.

காகிதத்தை எடுத்தார். 41இல் தொடங்கும் ஏழிலக்கச் சதுரம் வேண்டுமானால், பெருக்கும் எண் 2025 முதல் 2049 வரைதான். கடைசியில் 6 வர, அது 4இலோ 6இலோ முடியவேண்டும். ஒன்பதால் வகுபட, அது மூன்றால் வகுபடவேண்டும். தேறியவை இரண்டே: 2034, 2046.

முதலாவதைப் பெருக்கி அழைத்தார். ஒரு சிங்களப் பெரியவர் எடுத்தார். விஷயத்தைக் கேட்டு, பிள்ளையின் நம்பர் கிடைக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு வைத்தார். இரண்டாவதைப் பெருக்கினார்: 4186116. "யாருங்க?" என்ற குரல் கேட்டதும் மீனம்மா கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வேலையற்ற வேலை என்று பெயரெடுத்த தன் பைத்தியம் ஒரு பிள்ளைக்கு உதவியதே என்று இன்சாப் அல்லாஹ்வுக்கு இன்றும் நன்றி சொல்கிறார். அஸீலாவும் அதன்பிறகு அடுப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

நாகலெட்சுமி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். சம்பள நாளில் மீனம்மா தவறாமல் வருகிறார். கொழுந்துக் கறை படிந்த விரல்களை மேசைமேல் ஊன்றி, "ரெண்டாயிரத்து நாப்பத்தாறுக்குப் போடுங்க மொதலாளி" என்கிறார். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, எந்த எண்ணும் மனதில் நிற்காத இன்சாப், ஏழு இலக்கத்தையும் அவர் முகத்தைப் பார்த்தபடியே அழுத்துகிறார்.