நாமம் மேலே

எட்டுக் கால் உள்ள எலெக்ட்ரானிக் சிப்பின் ஒரு முனையில் அரைவட்டமாக ஒரு வெட்டு இருக்கும். சிப்பின் தலை எந்தப் பக்கம் என்று காட்டும் அடையாளம் அது. பாலிடெக்னிக்கில் அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் சொன்னார்கள். ஸ்ரீரங்கத்தில் பிறந்த எனக்கு அது பார்த்த மாத்திரத்தில் நாமமாகத்தான் தெரிந்தது. இன்றுவரை நாமம் என்றே சொல்லிவருகிறேன்.

கைலாசபுரத்துப் பக்கம் ஆலைகளின் கன்ட்ரோல் போர்டுகளைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் எனக்கு வேலை. அங்கேயும் இந்தச் சொல்லைப் பரப்பிவிட்டேன். எங்கள் முதலாளி பாலக்கரைக்காரர், எல்லோருக்கும் பாய். அவரே இப்போது, "நாமம் மேல இருக்கான்னு பாத்தியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் போர்டுக்குக் கரன்ட் கொடுப்பார். எங்களிடம் வருகிற போர்டுகளில் சிப்பெல்லாம் நிமிர்ந்துதான் நிற்கும். ஆகவே எங்கள் விதி ஒருநாளும் பொய்த்ததில்லை. என் கையும் பொய்த்ததில்லை. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. செய்கிறவள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

என் தம்பி ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கிறான். அவன் காலடியில் ஓவர்டிரைவ் பெடல் என்று ஒரு தகரப் பெட்டி இருக்கும். மிதித்தால் கிடாரின் சத்தம் முறுக்கேறி, தொண்டை கட்டினவர் உச்சஸ்தாயியில் பாடுவது மாதிரி கரகரவென்று வரும். கேட்கிறவர்களுக்கு ரோமம் சிலிர்க்கும். ஆனால் தம்பியின் பெடலில் அந்தக் கரகரப்போடு ஓர் இரைச்சலும் சேர்ந்து வந்தது. பாட்டு நடுவே எல்லா வாத்தியமும் நிற்கும் இடத்தில் அது மட்டும் குக்கர் மாதிரி உஸ்ஸென்று சீறிக்கொண்டிருக்கும்.

குழுத் தலைவர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொல்லிவிட்டார். "மண்ணச்சநல்லூர் ரிசப்ஷன் வரைக்கும் பாக்குறேன் தம்பி. அதுக்கப்புறமும் இந்த உஸ்ஸு நிக்கலைன்னா கிடாரையும் கீபோர்டுலயே வாசிச்சுக்கலாம். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

தம்பி வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விரல் தேயத் தேயக் கம்பி அழுத்திப் பழகியவனுக்குப் பதிலாக ஒரு பொத்தானா? "பெட்டியை இங்க கொண்டாடா," என்றேன்.

திறந்து பார்த்தால் உள்ளே இருந்த சிப்பில் நாமம் இருந்தது, எண் இல்லை. சுரண்டி எடுத்திருந்தார்கள். எங்கேயோ கழித்துப்போட்ட சரக்கை வைத்து, பெயர் தெரியாத ஒரு கம்பெனிக்காரன் என் தம்பிக்கே நாமம் போட்டிருந்தான். இரைச்சல் அதிலிருந்துதான் வருகிறது என்று சோதித்துத் தெரிந்துகொண்டேன். உலகத்துக் கிடார்க்காரர்கள் எல்லாம் புகழ்கிற சிப் ஒன்று இருக்கிறதென்று தம்பி இணையத்தில் தேடிப்பிடித்து வரவழைத்தான். அவர்கள் புகழ்ச்சியில் பாதி பிரமை என்பது என் கட்சி. நல்ல சிப்பாக இருந்தால் போதும், அது அமிர்தமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவன் ஆசையை நான் கெடுப்பானேன்?

கூரியர் வந்து சேர்ந்தது சனிக்கிழமை. ரிசப்ஷன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஞாயிறு காலை காபி குடித்த கையோடு உட்கார்ந்தேன். பழைய சிப்பின் கால்களை நறுக்கி ஒவ்வொன்றாக ஈயம் உருக்கி எடுத்தேன். அந்த இடத்தில் ஒரு சாக்கெட்டை வைத்துப் பற்றவைத்தேன். இனிமேல் சிப்பை மாற்றுவது பல்பு மாற்றுவது போலத்தான் என்று தம்பியிடம் பீற்றிக்கொண்டேன். புதுச் சிப்பைப் பக்குவமாக அழுத்தினேன். நாமம் மேலே.

பாட்டரியை மாட்டினேன். சத்தம் வரவில்லை, வாசனைதான் வந்தது.

"என்னடி பொசுங்கறது?" என்று அம்மா சமையலறையிலிருந்து வந்தாள்.

பிடுங்கிப் பார்த்தால், தலை மாறிக் கரன்ட் ஏறியதில் வெந்துபோன சிப் விரலைச் சுட்டது. சாக்கெட்டுக்கு அடியில், போர்டில் அச்சடித்திருந்த அரைவட்டம் அப்போதுதான் கண்ணில் பட்டது. அது கீழே பார்த்திருந்தது. அந்தப் போர்டை வரைந்தவன் சிப்பைத் தலைகீழாக நிற்கவைத்திருக்கிறான். பழைய சிப்பின் நாமம் எந்தப் பக்கம் இருந்தது என்று நான் கவனிக்கவில்லை, அச்சையும் பார்க்கவே இல்லை. பார்ப்பானேன், நாமம்தான் எப்போதும் மேலே ஆயிற்றே!

"யாராவது நாமத்தைத் தலைகீழா வெப்பாளாடா? அறிவிருக்கா அவனுக்கு?" என்று முகம் தெரியாத ஒருவனைத் திட்டித் தீர்த்தேன். தம்பி பழைய சிப்பின் நறுக்கிய கால்களை விரலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தான். திரும்பிப் போக வழியில்லை என்று அவனுக்கும் புரிந்திருந்தது. ஞாயிறு, கடைகள் அடைப்பு. பட்டறையைத் திறக்கலாம் என்றால் பாய் ஒரு நிக்காஹுக்காகப் புதுக்கோட்டைக்குப் போயிருந்தார், சாவியோடு. எனக்கு அழுகை முட்டியது. என் கையை நானே மெச்சிக்கொண்டு தம்பியின் மேடையைப் பொசுக்கிவிட்டேன்.

அப்போதுதான் பெருமாள் அலமாரியில் இருந்த எலெக்ட்ரானிக் ஸ்ருதிப் பெட்டி கண்ணில் பட்டது. அம்மா தினமும் காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் பாசுரம் சேவிப்பாள். ஒருமுறை நானே அதைப் பழுது பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பது இதே இனத்து எட்டுக்கால் சிப், அதுவும் சாக்கெட்டில். நான் பார்ப்பதை அம்மா பார்த்துவிட்டாள்.

"வேண்டாம்க்கா, அது அம்மாவோடது," என்றான் தம்பி.

அம்மா என்னைத்தான் கேட்டாள். "இதுல இருக்கறது அதுல பேசுமா?"

"பேசும்மா."

"அப்போ எடு. நான் ரெண்டு நாள் வாயாலேயே ஸ்ருதி பிடிச்சுக்கறேன். இவன் ஆத்துல மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டு உக்காந்திருந்தா எனக்குப் பாட்டே வராது."

சிப்பை எடுத்துவிட்டேன். ஆனால் பெடலில் தலைகீழாக வைக்க வேண்டிய நேரத்தில் என் கை வரவில்லை. இத்தனை வருஷப் பழக்கம். அம்மா சேவித்த பாசுரத்துக்கெல்லாம் ஸ்ருதி சேர்த்த சிப் வேறு அது. "அதுக்கு எங்கே தலையோ அங்கே வைடி. பெருமாளே சயனத்துலதான் இருக்கார்," என்றாள் அம்மா. நாமத்தைக் கீழே பார்க்கவைத்து அழுத்தினேன்.

தம்பி கம்பியை மீட்டாமல் பெடலை மட்டும் மிதித்தான். மூவரும் காது கொடுத்தோம். மின்விசிறியின் சத்தம்தான் கேட்டது, உஸ் இல்லை. பிறகு ஒரு மீட்டு மீட்டினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"கஷாயம் குடுக்கணும் போலிருக்கே இதுக்கு," என்றாள் அம்மா.

சாயங்காலம் அவளும் எங்களோடு மண்ணச்சநல்லூருக்குக் கிளம்பிவிட்டாள். அரிசி ஆலைக்காரர் வீட்டுக் கல்யாணம், மண்டபம் நிறையக் கூட்டம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். எல்லா வாத்தியமும் நின்று கிடார் தனியாக எழும்ப வேண்டிய இடம் ஒரு பாட்டில் வந்தது. தம்பி பெடலை மிதித்தான். அந்த ஒரு கணத்தில் பந்தியில் யாரோ வாளியை வைக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அவ்வளவு சுத்தம். அப்புறம் கிடார் எழும்பியது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். குழுத் தலைவர் திரும்பித் தம்பியின் காலடியைப் பார்த்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எழுந்து நின்று கைதட்டினேன், பக்கத்திலிருந்த மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

கச்சேரி முடிவில் தலைவர் வாத்தியக்காரர்களை வரிசையாக அறிமுகம் செய்தார். தம்பியிடம் வந்ததும், "நம்ம கிடார் தம்பி! அடுத்த முகூர்த்தத்துக்கும் இவர்தாங்க!" என்றார். தம்பி மைக்கை வாங்கினான். மேடையில் வாய் திறந்து பேசுகிற வழக்கமே இல்லாதவன் அவன்.

"இந்த சவுண்டு எங்க அக்கா செஞ்சது. அதோ, அங்க உக்காந்திருக்கா."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. எத்தனையோ ஆலைகளை ஓடவைத்திருக்கிறேன், ஒருவரும் எனக்குக் கைதட்டியதில்லை. கண் நிறைந்துவிட்டது. அம்மா மட்டும் என் இடுப்பில் இடித்தாள். "என் பெட்டியைச் சொல்லவே இல்லையேடி அவன்!"

மறுநாள் விஷயத்தைச் சொன்னதும் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். இப்போதெல்லாம், "நாமம் எந்தப் பக்கம் பாக்குதும்மா?" என்றுதான் கேட்கிறார்.

உலகம் புகழும் அந்தச் சிப்பில் இன்னொன்று வரவழைத்தேன். அம்மாவின் பழைய சிப்பைக் கழற்றித் தரமாட்டேன் என்று தம்பி பெடலைக் கட்டிக்கொண்டான். ஆகவே புதியதை ஸ்ருதிப் பெட்டியில் போட்டேன், அங்கே நாமம் மேலேதான். அம்மா பெட்டியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள்.

"முன்னைவிட நன்னாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா, மேடை ஏறினது இது இல்லையே!"